தேயாத ஆடைகளும் ஒரு பழைய மொறிஸ் மைனரும்

உங்கள் வீட்டில் இதுவரை பழுதாகாத பொருள் எது என்று யாராவது திடீரெனக் கேட்டால் உடனே பதில் சொல்வீர்களா? பழுதான பொருள்களின் பட்டியல் எம் எல்லோருக்கும் மனப்பாடம். தண்ணீர் மோட்டார் எந்தத் திருநாளுக்கு முதல்நாள் எரிந்தது, குளிர்சாதனப் பெட்டியைத் திருத்த எத்தனை தடவை ஆள் வந்தது, கைத்தொலைபேசி எந்த மாதம் விழுந்து உடைந்தது என்பவற்றையெல்லாம் திகதியோடு சொல்வோம். முப்பது ஆண்டுகளாக ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் சுவர்க்கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல எம்மிடம் ஒரு கதையும் இராது.

அப்படிக் கதையற்ற ஒரு பொருளைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகின்றேன். திருகோணமலையில் உள்துறைமுக வீதிக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில், கிடுகுக் கொட்டகை ஒன்றின் கீழ் நிற்கும் மொறிஸ் மைனர் கார் அது.

1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறியது. அத்தளத்தில் எழுதுவினைஞராக இருந்த என் பாட்டனாருக்கு, ஊர் திரும்பிய அதிகாரி ஒருவர் தமது காரைக் குறைந்த விலைக்கு விற்றுச் சென்றார். முன்கண்ணாடி நடுவே பிரிந்திருக்கும்; 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம்; ஏறத்தாழ முப்பது குதிரைவலு. திரும்பும்போது பக்கத்தூணிலிருந்து சிறிய கை ஒன்று வெளியே நீண்டு சைகை காட்டும். அதைக் கண்டு சிரிக்காத பிள்ளைகள் எங்கள் தெருவில் இல்லை. இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன. 1957இல் ‘ஸ்ரீ’ எழுத்து வந்ததற்கும் அதனால் எழுந்த எதிர்ப்புக்கும் முந்திய தகடு அது. ஊரெல்லாம் எழுத்தை அழிக்கத் தார்வாளியுடன் திரிந்த நாள்களில் எங்கள் கார் மட்டும் ஒருவருடைய கண்ணிலும் படவில்லை என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் காரை அதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவரே விரும்பவில்லை என்பதை நீங்கள் அறிவீர்களா? அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வரைந்த வடிவத்தைப் பார்த்த நஃபீல்ட் பிரபு, அது உடைத்து நீரில் ஊற்றி அவித்த முட்டையைப் போல இருக்கின்றது என எள்ளி நகையாடினாராம். இசிகோனிஸுக்கும் மனம் நிறையவில்லை. கார் ஒடுக்கமாக இருப்பதாகக் கண்ட அவர், செய்து முடித்த மாதிரியை நடுவால் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். இன்றும் மொறிஸ் மைனரின் முன்மூடியின் நடுவே நீளவாட்டில் ஒரு பட்டை ஓடுவதைக் காணலாம். அந்த வெட்டின் தழும்பு அது. 1948 ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, பத்து இலட்சம் விற்ற முதலாவது பிரித்தானியக் கார் என்னும் பெயரையும் அது பெற்றது.

இலங்கையில் அது நிலைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த காரைப் பேணுவதைத் தவிர எங்கள் மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அவ்வாறு வளர்ந்த கைத்திறன் வீணாகவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களின் தொடக்கத்தில் காலியில் ஓர் இலங்கைப் பங்காளருடன் இணைந்து, அக்காருக்கான தகட்டுப் பாகங்களைக் கையால் அடித்துச் செய்விக்கத் தொடங்கினார். இங்கிலாந்தில் பிறந்த காரின் உடலுக்கு வேண்டியதை இங்கிருந்து கப்பலேற்றி அனுப்பும் காலம் வந்தது!

பாட்டனாருக்குப் பின் அப்பா அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். அது எங்களைப் படிப்பித்தது. எனினும் 1980களில் ஜப்பானிய வான்கள் தெருவை நிறைத்தபோது, சிறுவனாக இருந்த எனக்கு எங்கள் கார் வெட்கத்தையே தந்தது. குருமடத்தில் சேர்ந்த பின்னரும் அந்த வெட்கம் போகவில்லை. கண்டியில் நான் பயின்ற காலத்தில் ஒரு விடுமுறைக்கு என்னை ஏற்றிச்செல்ல அப்பா திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாக அதை ஓட்டிவந்தார். மற்றைய மாணவர்களின் கண்ணில் படக்கூடாது என்று எண்ணி, மேலே வரவேண்டாம், ஏற்றத்தின் அடியிலேயே நில்லுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவைத்தேன். பெட்டியைச் சுமந்துகொண்டு நான் இறங்கிவந்தபோது, “ஏற்றத்திலை றேடியேற்றர் கொதிக்கும் எண்டு பயந்திட்டாய் என்ன? இது கொதிக்காது, தம்பி” என்றார். அவருக்கு உண்மை விளங்கியிருந்ததா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. பின்னிருக்கையில் அக்கா இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் என் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு இடம்பெயர்ந்தோம். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது கூரை ஓடுகள் இல்லை, கதவுகள் இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. கார் நின்றது. அதைக் கொண்டுபோக எவருக்கும் ஆசை வரவில்லை! அயலிலிருந்த புதிய வாகனங்கள் எல்லாம் போயிருந்தன. எவரும் இச்சிக்காத பொருளை வைத்திருப்பதிலும் ஒரு பாதுகாப்பு உண்டு என்பதை அன்று கண்டோம்.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40 கார்கள் இதைவிடப் பெரிய அதிசயத்தைச் செய்துகொண்டிருந்தன. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத அக்காலத்தில், சில சொட்டுப் பெற்றோலை விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய இயந்திரங்களில் எரிபொருளும் காற்றும் மிகவும் இறுக்கி அழுத்தப்படுவதில்லை. ஆகையால் தரங்குறைந்த எண்ணெயையும் அவை பொறுத்துக்கொண்டன. இன்றைய கார்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. புகையைக் கக்கிக்கொண்டு, மணமக்களையும் நோயாளரையும் சவப்பெட்டிகளையும் அந்தக் கார்களே சுமந்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நான் விவரிக்கத் தேவையில்லை. அன்று ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா, பௌர்ணமி தினமும்கூட. நான் கிறிஸ்மஸ் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்னும் கூக்குரல் கேட்டதும் அப்பா காரை எடுத்துக்கொண்டு திருக்கடலூர்ப் பக்கம் போனார். நனைந்த பிள்ளைகளையும் காலுடைந்த முதியவர்களையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் உவர்மலைக்குமாக எத்தனை தடவை போய்வந்தார் என்று எவரும் எண்ணவில்லை. நால்வருக்கான காரில் ஒன்பது பேர் வந்ததை நான் கண்டேன். சில்லுகள் பாதி மறையும் அளவு உப்புநீரில் அது ஓடியது, நிற்கவில்லை.

நின்றது மூன்று நாள்களின் பின்னர்தான். கடல்நீர் தடுப்புக் கட்டைகளில் புகுந்து இறுக்கிவிட்டது. கிண்ணியாவைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர், நாங்கள் நாநா என்றே அழைப்போம், தமது வீட்டுத் துயரத்தின் நடுவிலும் வந்தார். பெட்டி பெட்டியாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் கிணற்று நன்னீரில் கழுவி, எண்ணெய் பூசி, மீண்டும் பூட்டினார். கிடைக்காத பாகங்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தோம். இரவுகளில் அவருக்கு லாம்பு பிடித்துக்கொண்டு நின்றவர் அக்கா. வேலை முடிந்த அன்று நாநா சொன்னது இது: “கடல்காத்துப் படுற இடம். ஒவ்வொரு விடியக்காலையும் நல்ல தண்ணியாலை கழுவுங்கோ. இல்லாட்டி இது கறள் தின்டு போயிரும்.”

இணைச்சட்ட நூலில் மோசே மக்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டும் இடம் உண்டு. பாலைநிலத்தில் நடந்த நாற்பது ஆண்டுகளில் அவர்களுடைய ஆடைகள் நைந்துபோகவில்லை, காலடிகள் வீங்கவில்லை என்கின்றார். கடல் பிளந்ததை மோசே நினைவூட்ட வேண்டியதில்லை. அதற்கு அவர்கள் அன்றே பாட்டுப் பாடி ஆடினார்கள். பாறையிலிருந்து நீர் வந்ததும் வானிலிருந்து மன்னா விழுந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளாயின. ஆடை கிழியாத அருங்குறியை மட்டும் ஒருவரும் காணவில்லை. எப்படிக் காண்பார்கள்? அது ஒரு நாளில் நடந்ததல்ல. ஒவ்வொரு காலையும் எழுந்து அதே ஆடையை உடுத்தினார்கள், அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் முடிந்த பிறகு ஒருவர் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னால்தான் தெரிகின்றது. எனக்கு இந்த வசனத்தின்மேல் நீண்டகாலமாக ஒரு தனிப் பற்று. குருமட வகுப்புகளில் இதைப் பற்றி நாம் அதிகம் பேசியதாக நினைவில்லை.

2013 யூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் குருமாணவரையும் துறவறப் புகுநிலையினரையும் சந்தித்தபோது, குருக்களும் அருட்சகோதரிகளும் புத்தம்புதிய கார்களில் போவதைக் காணத் தமக்கு வேதனையாக இருக்கின்றது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு செப்டெம்பரில் வெரோனாவைச் சேர்ந்த குரு ஒருவர், மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய தமது 1984ஆம் ஆண்டு ரெனோ-4 காரைத் திருத்தந்தைக்கே பரிசளித்தார். திருத்தந்தை மறுக்கவில்லை, தாமே அமர்ந்து ஓட்டினார். அச்செய்தியை வாசித்த அன்று நான் பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. கண்டி ஏற்றத்தின் அடியில் அப்பாவைக் காக்கவைத்தவன், அந்த வார மறையுரையில் எங்கள் மொறிஸ் மைனரைப் பற்றி விரிவாகப் பேசினேன்! அப்பா முன்வரிசையில் இருந்து கேட்டார். 2016இல் அவர் இறந்தார்.

பின்னர் 2022 வந்தது. சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பிரித்தானியர் கட்டிய பெரும் எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் மாவட்டம் எங்களுடையது. அந்த மாவட்டத்திலேயே நாங்கள் எரிபொருளுக்காக இரவுபகலாகத் தெருவில் நின்றோம். பிறகு கியூஆர் அட்டை முறை வந்து, தொடக்கத்தில் காருக்கு வாரம் இருபது லீற்றர் என்று ஆனது. எங்கள் காருக்கு அது தாராளம். வரிசையில் நாள்கணக்கில் நின்று பற்றரி இறங்கிய புதிய கார்களைப் பலர் தள்ளிக்கொண்டிருக்க, மொறிஸ் மைனரின் முன்பக்கத் துவாரத்தில் இரும்புக் கைபிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினால் அது புறப்பட்டுவிடும். இதையும் மறையுரையில் சொன்னேன். வரிசையில் நின்றதும் கைபிடியைச் சுற்றியதும் நான் அல்ல; அக்கா.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் ஒருநாள் ரொறன்ரோவிலுள்ள அண்ணா வீடியோ அழைப்பில் வந்தார். பழைய கார்களைச் சேர்க்கும் கொழும்பு அன்பர் ஒருவர் நல்ல விலை சொல்கின்றாராம். அதனுடன் தாமும் கொஞ்சம் போட்டுச் சிறிய ஜப்பானியக் கார் ஒன்று வாங்கித்தரலாம், அம்மாவைக் குளிரூட்டியுடன் கிளினிக்குக்குக் கொண்டுபோகலாம் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் விடவில்லை. பாட்டனார், அப்பா, சுனாமி, திருத்தந்தை, இணைச்சட்டம் என்று அரைமணி நேரம் பேசினேன். அவர் விலையைச் சொன்னார், நான் விழுமியத்தைச் சொன்னேன். இருவருக்கும் குரல் உயர்ந்தது.

அப்போது அம்மா, “அதை ஓட்டுறவளைக் கேட்டியளோ?” என்றார்.

கேட்கவில்லை. அந்தக் காரை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டுபவர் அக்கா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கின்றார், மணம் முடிக்கவில்லை. நாநாவிடம் கற்று, காபரேற்றரைத் தாமே கழற்றிச் சுத்தம் செய்வார். மழை நாளில் நான் நோயாளர் ஒருவருக்குப் பூசுதல் கொடுக்க நடுச்சாமத்தில் போகவேண்டுமானால் தொலைபேசியில் அவரைத்தான் எழுப்புவேன். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் மகனைப் பற்றி அம்மா அயலாரிடம் பேசுவார். குருவான மகனைப் பற்றியும் பேசுவார். இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்த கார்க் கதைகளில் பாட்டனார் வருவார், அப்பா வருவார், நாநாவும் வருவார். அக்கா வருவதில்லை. ஊதாரி மைந்தனின் உவமையில் வீட்டோடு நின்ற மூத்தவனை எத்தனையோ ஞாயிறுகளில் நான் கடிந்து பேசியிருக்கின்றேன். அவன் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தான் என்னும் விவரம் என் கண்ணில் தைத்ததே இல்லை.

அக்கா முற்றத்தில் இருந்தார். போய்க் கேட்டேன்.

“வில்லுறதெண்டாலும் வில்லுங்கோ, வைக்கிறதெண்டாலும் வையுங்கோ” என்றார்.

“உங்களுக்கு அதிலை ஆசை இல்லையோ அக்கா? ஒவ்வொரு நாளும் கழுவிறியளே?”

“நான் ஒருநாளும் அதை ஆசையிலை கழுவினதில்லை, தம்பி. கழுவாட்டிக் கறள் பிடிக்கும். அதுதான் கழுவுறன்.”

சிறிது நேரம் கழித்து, நான் கேளாமலே, தமக்கு மடுவுக்குப் போகவேண்டும் என்றார். ஆவணித் திருவிழாவுக்கு, கொடியேற்றத்திலிருந்து கடைசி நாள்வரை. அப்பாவின் மறைவுக்குப் பிறகு அவர் மடுவுக்குப் போகவில்லை என்பதை நான் அப்போதுதான் கணக்கிட்டேன்.

2025 ஓகஸ்ட் 6ஆம் திகதி அக்கா பஸ்ஸில் மடுவுக்குப் புறப்பட்டார். அந்தப் பத்து நாள்களும் இரவில் வீட்டில் தங்கி, விடிந்ததும் திருப்பலிக்குப் பங்குக்குப் போய்வந்தேன். முதல் இரு நாள்களும் உற்சாகமாகக் காரைக் கழுவினேன். மூன்றாம் நாள் நித்திரை வென்றது. ஐந்தரை மணிக்கு அம்மா படுக்கையிலிருந்தே, “தண்ணிச் சத்தம் கேக்கேல்லையே, அவளுக்கு என்ன சுகமில்லையோ?” என்று கேட்டார். பிறகு அக்கா ஊரில் இல்லை என்பது அவருக்கே நினைவு வந்தது. எழுந்துபோய்க் காரைத் தொட்டேன். கச்சான் காற்று துறைமுக நீரின்மேல் இரவெல்லாம் வீசியிருந்தது. முன்மூடியின் நடுப்பட்டையில் விரலை வைத்து இழுத்தபோது, உப்பு பிசுபிசுத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கிளினிக் நாளில் அம்மாவை ஏற்றிச் சென்றேன். ஏறும்போதும் இறங்கும்போதும் அவரை எந்தப் பக்கத்தால் பிடிக்க வேண்டும், மருந்துப் புத்தகத்தை எந்த வரிசையில் முதலில் போடவேண்டும் என்று அம்மாதான் எனக்குச் சொல்லித்தந்தார். “அவள் கிளச்சை இப்பிடி உதற விடுறேல்லை” என்றும் சொன்னார். இடையில் அண்ணா அழைத்து, கொழும்புக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அக்கா வந்ததும் அவரிடம் கேளுங்கள் என்றேன். அவருக்கு அது புதிதாக இருந்தது போலும். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி” என்றார்.

பதினைந்தாம் திகதி இரவு நெடுநேரம் கழித்து அக்கா வந்து சேர்ந்தார். மடு மண் ஒரு சிறு பொதியில் கொண்டுவந்திருந்தார். கார் விடயம் எதையும் நாங்கள் பேசவில்லை. மறுநாள் விடியுமுன் கிணற்றடியில் கப்பி சுழலும் சத்தம் கேட்டு விழித்தேன். எழுந்துபோய், சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த மற்ற வாளியை எடுத்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார், பிறகு தமது வேலையைத் தொடர்ந்தார்.

உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “ஏன் பிள்ளை, இண்டைக்கு ரெண்டு வாளிச் சத்தம் கேக்குது?”